வலது பக்கம்

எங்களைப் பின்னாலிருந்து பார்ப்பவர்கள்
இவனுக்கு நடக்கத் தெரியாது என்றுதான் நினைப்பார்கள்.
நூறாம் நம்பர் பஸ்
தோளை உரசுவதுபோல் போகிற பக்கம் நான்.
கடைகளின் பக்கம் அவன்,
கையில் பாண் பையோடு, சொகுசாக.

"பொம்பிளையை ரோட்டுப் பக்கம் விட்டிட்டு
இவர் நடக்கிற வடிவைப் பார்"
என்று அவனுடைய பெரியம்மா
வெள்ளவத்தைச் சந்தை வாசலில் வைத்தே சொன்னா.
தயாபரன் சிரித்தான்.
"மறந்திட்டன் பெரியம்மா."
இடம் மாறவில்லை.
என் தலைக்கு மேலால்
வாகனங்களைப் பார்த்தபடியே வந்தான்.

என் இடது காது
ஏழு வயதில் சீழ் வடிந்து ஓய்ந்துபோனது.
சம்பந்தம் பேசிய நாட்களில்
"கேட்டால் சொல்லுவம்" என்றா அம்மா.
ஒருவரும் கேட்கவில்லை.

கலியாணமாகி மூன்றாவது கிழமை,
பம்பலப்பிட்டியில், தண்டவாளத்துக்கு அங்கால், கல்லில் இருந்து
அவன் சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டிய ஒரு பின்னேரம்.
"இப்ப நான் என்ன சொன்னனான்?"
மூன்றாம் முறை கேட்டபோதுதான் திரும்பினேன்.
பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு
காதைப் பற்றிச் சொன்னேன்.

எழும்பினான்.
போகப்போகிறான் என்று நினைத்தேன்.
என் பின்னால் சுற்றி வந்து
மற்றப் பக்கம் இருந்தான்.
விட்ட கதையை முதலிலிருந்து சொன்னான்.
கந்தோரில் யாரோ அவன் குடையை மாற்றி எடுத்துப்போன கதை.
இரண்டு நிமிடக் கதை.

பதினாறு வருடம்.
வங்கியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முணுமுணுக்கிறவரிடம்
"அடையாள அட்டையோ கேக்கிறீங்கள்?" என்று
தனக்கே விளங்காததுபோல் உரத்துக் கேட்பான்.
எனக்கு விளங்கிவிடும்.
சண்டை இரவுகளில்
நல்ல காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு படுப்பேன்.
நான் திரும்பும்வரை காத்திருந்து
பிறகுதான் ஏசுவான்.

அவனுக்கும் ஒன்று இருந்தது.
லிப்டில் ஏறமாட்டான்.
கேட்பவர்களுக்குத் தொப்பையைத் தட்டிக் காட்டி
"டொக்டர் நடக்கச் சொன்னவர்" என்பான்.
ஏன் என்பதை எனக்கு மட்டும் சொல்லியிருந்தான்.
அதை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.

போன ஆவணியில் சுகிர்தாவின் குடிபூரல்.
தெஹிவளை, எட்டாம் மாடி.
பெண்கள் புருஷன்மாரைக் கடைபரப்பிக்கொண்டிருந்தோம்.
ஒருத்திக்குப் போனின் பாஸ்வேர்ட் தெரியும்.
ஒருத்தியின் ஆள் வேறு பெண்களை ஏறெடுத்தும் பாரார்.
(தயாபரன் பார்ப்பான்.
பார்த்துவிட்டு என்னிடமும் காட்டுவான்.)
என் முறை வந்தது.
சொல்ல இருந்த ஒன்றைச் சொன்னால்
என் காதையும் சொல்லவேண்டும்.

"எங்கடை ஆளுக்கு லிப்ட் எண்டால் நடுக்கம்" என்றேன்.
முதலில் சிரித்ததும் நான்தான்.
ஏன், ஏன் என்றார்கள்.
அதையும் சொன்னேன்.

கதிரை வரிசையின் மறுகரையிலிருந்து
அவன் பார்த்தான்.
பெரியம்மாவுக்குச் சிரித்த அதே சிரிப்பு.
கையிலிருந்த ரோல்ஸை மெல்ல மென்று முடித்தான்.

நான் லிப்டில் இறங்கினேன், ஐந்து பேரோடு.
சுகிர்தாவின் மச்சான் நடுங்குவதுபோல் நடித்துக் காட்டினார்.
கீழே வாசலில் தனியே நின்று
எட்டு மாடிப் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.
எனக்கு இடப்பக்கமாகத்தான் வெளியே வந்தான்.
அப்படியே நடந்திருக்கலாம்.
வெள்ளவத்தை மட்டும் வாய் நிறைய ஏசிக்கொண்டு வந்திருக்கலாம்,
எனக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது.

என் பின்னால் சுற்றி
வலது பக்கம் வந்தான்.
கன நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "ரோல்ஸுக்கு உப்புக் கூட" என்றான்.

பாலத்தடியில் நான் ஒன்று சொன்னேன்.
பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.
"என்ன?" என்றான்,
இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறவன்.

முதலிலிருந்து சொன்னேன்.